பச்சையெல்லாம் கீரையல்ல

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவனைப் பார்த்து நம் முன்னோர் நகைத்தார்கள். அந்தப் பழமொழிக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு: பச்சையெல்லாம் கீரையல்ல! பாலென்று எண்ணிச் சுண்ணாம்பு நீரை வாயில் வைத்தவன் உடனே துப்பிவிடுவான். கீரையென்றோ கிழங்கென்றோ எண்ணி நஞ்சை உண்டவனுக்கு, அது நஞ்சு என்று தெரியவே சில மணி நேரம் ஆகிவிடலாம்.

தாவரவியல் படிக்கிற மாணவி என்று தெரிந்தால் போதும். உற்றாரும் அண்டை அயலாரும் ஓர் இலையைக் கொண்டுவந்து நீட்டி இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். "இது என்ன செடி?" என்பது முதற் கேள்வி. "இதைச் சாப்பிடலாமா?" என்பது இரண்டாவது. வேடிக்கை என்னவென்றால், முதற் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள்ளாகவே இரண்டாவது கேள்விக்கு விடை வேண்டும் என்பார்கள். பெயர் தெரியாமல் குணம் சொல்ல முடியாது. பெயர் தெரிந்துகொள்வதோ, ஓர் இலையை மட்டும் பார்த்து முடிகிற காரியம் அன்று.

செடிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது நம்மை ஏமாற்றுவதற்காக அல்ல. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் முகச்சாயலில் ஒத்திருப்பது போல, ஒரு தாவரக் குடும்பத்துச் செடிகளும் ஒத்திருக்கின்றன. கத்தரி, தக்காளி, மிளகாய், மணத்தக்காளி, சுண்டை ஆகியவை ஒரே குடும்பம். நாம் நாள்தோறும் அடுப்பில் ஏற்றும் குடும்பம் அது. ஊமத்தையும் புகையிலையும் அதே குடும்பத்தின் பிள்ளைகள்தாம்! பூவும் காயும் வந்த பிறகு ஊமத்தையை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். நீண்ட எக்காளம் போன்ற பூவும், முள் நிறைந்த காயும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கொல்லையில் தானாக முளைத்த இளஞ்செடியாக இருக்கும்போதுதான், "கத்தரியாக இருக்குமோ, சுண்டையாக இருக்குமோ" என்ற மயக்கம் எழுகிறது.

இந்த மயக்கம் நூல் படித்தவர்களையும் விடுவதில்லை. மணத்தக்காளிக்கு ஆங்கிலத்தில் 'பிளாக் நைட்ஷேட்' என்று பெயர். ஐரோப்பாவில் பெயர்பெற்ற நச்சுச் செடியான பெல்லடோனாவுக்கு 'டெட்லி நைட்ஷேட்' என்று பெயர். பெயரின் பிற்பாதி ஒன்றாக இருப்பதால், முதலாண்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தி, "நம் வீட்டில் நஞ்சையா குழம்பு வைக்கிறார்கள்?" என்று கலங்கிப் போனாள். இரண்டும் வெவ்வேறு செடிகள். மணத்தக்காளியின் சிறு பழங்கள் ஒரு காம்பில் கொத்தாகத் தொங்கும். பெல்லடோனாவின் பழம் அதைவிடப் பெரியது. இலைக்கக்கத்தில் தனியாக நிற்கும். அதன் அடியில் புல்லிவட்டம் ஐந்து முனை விரிந்த நட்சத்திரம் போல இருக்கும். நம் ஊர்ச் சமவெளிக் கொல்லைகளில் அது வளர்வதும் இல்லை. தோழியின் கலக்கத்தைத் தீர்த்தது இன்னொரு பெயரன்று. பழம் நிற்கும் விதமும் செடி வளரும் இடமுந்தான்.

செடியைப் பல வழிகளில் விசாரிக்க வேண்டும் என்ற பாடத்தை நான் கல்லூரிக்கு வருமுன்பே கேட்டிருக்கிறேன். மூலனூர்ப் பக்கத்தில் இருக்கும் என் அம்மாயி எழுத்தறியாதவர். ஆனால் மழை பெய்த மறுவாரம் காட்டோரத்தில் முளைக்கும் கீரைகளில் இருபதுக்குமேல் அவருக்குத் தெரியும். நான் அவசரப்பட்டு ஒரு தளிரைக் கிள்ளினால் தடுத்துவிடுவார்.

"கண்ணு, கண்ணுல பாத்தா மட்டும் போதாது. கையில தடவிப் பாரு, கசக்கி மோந்து பாரு, கிள்ளுனா பால் வருதான்னு பாரு, எங்க மொளச்சிருக்குதுன்னு பாரு. இத்தனையும் ஒரே பேரச் சொன்னாத்தான் பறிக்கோணும்."

"ஒண்ணு மட்டும் மாத்திச் சொன்னா என்னங்க அம்மாயி?"

"அப்பப் பறிக்கப்படாது. ஒரு நா கீர இல்லாம தின்னா யாரும் சாகமாட்டாங்க."

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிய அறிவை நான் பின்னர் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

எங்கள் பகுதியில் கண்வலிக்கிழங்கு பணப்பயிர். அதன் விதை மருந்துத் தொழிலுக்குப் போகிறது. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்த 99 மலர்களின் வரிசையில் முதலில் வருவதும் காந்தளே. சுடரைப்போல் நிமிர்ந்து நிற்கும் அந்த இதழ்களின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் செடி முழுவதும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கால்ச்சிசின் என்னும் நஞ்சு நிறைந்திருக்கிறது. மிகச் சிறிய அளவில் மருத்துவர் கொடுத்தால் அது கீல்வாத மருந்து. அளவு மீறினால் சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பின்னர் உடலின் உள்ளுறுப்புகளையே செயலிழக்கச் செய்துவிடும்.

ஒருமுறை எங்கள் தோட்டத்தில் பழைய பாத்தியைக் கொத்தியபோது, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கிழங்கை எடுத்தார். மேலே கொடி காய்ந்து மறைந்துவிட்ட காலம் அது. "வள்ளிக்கிழங்குங்களா? அடுப்புல சுட்டுத் தின்னலாமே" என்று துடைக்கத் தொடங்கினார். திண்ணையிலிருந்த அம்மாயி எழுந்தே வந்துவிட்டார்.

"அப்புனு, அதக் கீழ போடுங்க. கையக் கழுவுங்க. அது கண்வலிக்கிழங்கு."

பிறகு அந்தக் கிழங்கை ஒரு குச்சியால் புரட்டிக் காட்டினார். கலப்பையைப்போல் அது இரண்டாக மடங்கிக் கிளைத்திருந்தது. கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால்தான். சர்க்கரைவள்ளியோ நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கும். உடம்பெங்கும் சல்லிவேர் இருக்கும். வெட்டினால் பால் கசியும். கொடி நிற்கும் காலமாக இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. காந்தள் இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். வள்ளியிலைக்கு அப்படிப்பட்ட நுனி கிடையாது. ஆனால் அன்று அந்த இளைஞர் கையில் இருந்தது கிழங்கு மட்டுமே. இலையும் மலரும் அதனோடு வரவில்லை.

இதிலிருந்து ஒரு விதியே வகுத்துக்கொள்ளலாம். முழுச் செடியாக நிற்கும்போது தெளிவாக வேறுபடுகிற இரண்டு, துண்டாகிக் கைக்கு வரும்போது ஒன்றாகத் தோன்றும். ஊமத்தைச் செடியையும் மிளகாய்ச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிறு குழந்தையும் பிரித்துச் சொல்லும். அவற்றின் விதைகளைத் தனியே எடுத்து ஒரு தட்டில் கொட்டினால் பெரியவர்களே திகைப்பார்கள். தடயவியல் நூல்கள் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கென்றே ஓர் அட்டவணை கொடுக்கின்றன. மிளகாய் விதை வெளிர்மஞ்சள் நிறம், வட்டமானது, மழமழப்பானது. ஊமத்தை விதை பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், மேற்பரப்பில் சிறு குழிகள் இருக்கும், விளிம்பு தடித்திருக்கும். அதை உண்டவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, சித்தம் தடுமாறிப் பிதற்றல் ஏற்படும்.

கடுகுக்கும் இப்படி ஒரு போலி உண்டு. தரிசு நிலங்களில் முள்ளிலையும் மஞ்சள் பூவுமாக நிற்கிறதே பிரமதண்டு, அதைக் குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். அதன் தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். கடுகுச் செடியில் முள்ளும் இல்லை, அந்தப் பாலும் இல்லை. ஆனால் விதையாகிவிட்டால் இரண்டும் சிறிய கரிய உருண்டைகள்! உற்று நோக்கினால்தான் பிரமதண்டு விதையின் சொரசொரப்பு தெரியும். 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயோடு பிரமதண்டு எண்ணெய் கலந்ததால் மக்களுக்குக் கைகால் வீக்கமும் மூச்சுத்திணறலும் கண்டு, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

உருவம் மட்டுமா மயக்குகிறது? பெயரும் மயக்கும். எங்கள் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் மூன்று சிறுவர்கள் வேலியோரத்தில் விளையாடும்போது ஏதோ விதையை உடைத்துத் தின்றுவிட்டு வாந்தியெடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்ன விதை?" என்று கேட்டார் டாக்டர். ஒருவர் ஆமணக்கு என்றார். இன்னொருவர் காட்டாமணக்கு என்றார். மூன்றாமவர் இரண்டும் ஒன்றுதானே என்றார். இரண்டும் ஒன்றல்ல. ஆமணக்கின் விதையில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது; அது எண்ணெயில் கரைவதில்லை என்பதால்தான் விளக்கெண்ணெய் மருந்தாகப் பயன்படுகிறது. காட்டாமணக்கிலும் நஞ்சு உண்டு. ஆனால் அது வேறு வகை. எல்லோரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில், அம்மாயி பின்னாலேயே வந்து முந்தானையில் முடிந்திருந்த ஒரு கிளையை எடுத்து மேசைமேல் வைத்தார். இலையும் காயும் சேர்ந்த கிளை. ஆமணக்கின் இலை விரித்த கைபோல் ஆழமாகப் பிளந்திருக்கும். காயில் மென்முட்கள் இருக்கும். இந்தக் கிளையிலோ, இலை இதய வடிவில் சற்றே மூலைபட்டிருந்தது; காய் வழவழப்பாக இருந்தது. காட்டாமணக்கு! டாக்டர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். மூன்று நாளில் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அன்று அந்தக் கூடத்தில் இருந்த சான்றுகளில் மாற்றிப் பேசாத சான்று அந்தக் கிளை ஒன்றுதான்.

"கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா? நஞ்சு கசக்குமே!" என்று சிலர் கேட்கக்கூடும். கசப்பு சில வேளைகளில் எச்சரிக்கும் என்பது உண்மையே. சுரைக்காய் நல்லதா, கசப்புக் காயா என்பது தோலைப் பார்த்தால் தெரியாது. 2010-இல் தில்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தார். கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று பின்னர் வல்லுநர்கள் அறிவுறுத்தினார்கள். ஆகவே கசந்தால் துப்பிவிடுவது அறிவுடைமை. ஆனால் கசக்கவில்லை என்பதால் விழுங்குவது அறிவுடைமை ஆகாது! அந்தச் சிறுவர்களைக் கேட்டபோது, காட்டாமணக்குப் பருப்பு நிலக்கடலைபோல ருசியாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். குன்றிமணிக் கொடியின் இலை இனிக்கும். அதே கொடியின் விதையைக் கடித்து மென்றால் உள்ளிருக்கும் ஏப்ரின் உயிரைக் குடிக்கும். பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக இருந்த அந்த அழகிய சிவப்பு மணியின் ஒரு முனையில் கறுப்புக் கண் இருக்கும். ஆனைக்குன்றிமணி என்னும் மஞ்சாடி விதையில் அந்தக் கண் இல்லை, முழுவதும் சிவப்பு. விளையாட விதை பொறுக்கும் குழந்தைகளுக்கு இந்த ஒரு வேறுபாட்டையாவது கற்றுக்கொடுக்க வேண்டாமா?

அழகுச் செடிகளின் கதை வேறு. வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்க்கும் கேலேடியத்தின் இலை அமைப்பு அப்படியே சேம்பின் அமைப்பு. சேம்பே சரியாக வேகாவிட்டால் தொண்டையை அரிக்கும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளே காரணம். நாம் சேம்பை நன்றாக வேகவைத்து, புளிவிட்டுச் சமைக்கப் பழகியிருக்கிறோம். கேலேடியத்திலும் டைபன்பேக்கியாவிலும் அதே ஊசிகள் உண்டு. அவை பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. டைபன்பேக்கியாவின் தண்டைக் கடித்தவருக்கு நாக்கு வீங்கிப் பேச்சே எழாது. அதனால் ஆங்கிலத்தில் அதற்கு ஊமைப் பிரம்பு என்று பொருள்படும் பெயரே உண்டு. இன்றைக்கு அலுவலக வரவேற்பறைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இது நிற்கிறது!

அரளியை யாருக்குத்தான் தெரியாது? கோயில் மாலையிலும், நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் அதைக் காண்கிறோம். தெரிந்த முகம் என்பதாலேயே அச்சம் விட்டுப்போயிற்று. அதன் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. கேரளத்தில் அரளியை அறியாமல் மென்றதால் ஓர் இளம்பெண் இறந்தார் என்ற செய்தியை அடுத்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, குணமும் தெரிய வேண்டும் என்பதற்கு இது சான்று.

இப்போது நம் எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன்; பயனுடையவைதாம். ஆனால் அவை செய்வது என்ன? நாம் எடுத்த படத்தைத் தம்மிடமுள்ள படங்களோடு ஒப்பிட்டு, இன்னின்னதாக இருக்கலாம் என்று சில பெயர்களை வரிசைப்படுத்துகின்றன. முதலில் வரும் பெயரையே தீர்ப்பென்று எடுத்துக்கொள்வது நம்முடைய அவசரம். படம் இலையைக் கசக்கி முகராது. தண்டை ஒடித்துப் பால் பார்க்காது. கொரோனாக் காலத்தில் பலரும் சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சிலர், அவ்வாறு குடித்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் கண்டதாக எழுதினர். அது உண்மையான சீந்தில்தானா, அதை ஒத்த டினோஸ்போரா கிரிஸ்பா என்னும் கொடியா என்று உறுதிசெய்திருக்க வேண்டும் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுமொழி கூறியது. இரண்டுக்கும் இதய வடிவ இலைதான். கிரிஸ்பாவின் தண்டில் பருக்கள்போன்ற முடிச்சுகள் நெருங்கியிருக்கும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இலையை மட்டும் படமெடுத்துத் தண்டைப் பாராமல் விட்டவர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார் என்ற கேள்வி எனக்கு உண்டு.

வகைப்பாட்டியல் வகுப்பில் கேம்பிளின் நூலைக் கையாளக் கற்றுக்கொடுத்தார்கள். சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிய அந்நூல் 1915-இல் வெளிவரத் தொடங்கி, கேம்பிளின் மறைவுக்குப் பின் பிஷரால் 1936-இல் நிறைவுபெற்றது. அதிலுள்ள திறவுகோல் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியை வைக்கிறது. இலை எதிரெதிரா, மாறி மாறியா? தனியிலையா, கூட்டிலையா? சூற்பை மேலேயா, கீழேயா? ஒவ்வொரு விடைக்கும் ஒரு பாதை. பாதையின் முடிவில்தான் பெயர். இடையில் ஒரு கேள்விக்கு விடை இல்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்திலும், கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்திலும் ஒவ்வொரு உலர்ந்த செடிக்கும் பக்கத்தில் அது கிடைத்த இடமும் நாளும் எழுதிவைக்கப்பட்டிருப்பது ஏன்? "எங்க மொளச்சிருக்குதுன்னு பாரு" என்று அம்மாயி சொன்னதும் இதைத்தானே! நூல் வழி வந்த அறிவும் தோட்ட வழி வந்த அறிவும் ஒரே இடத்தில் வந்து கைகுலுக்குவதை அங்கே கண்டேன்.

தோழர்களே! பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். ஓர் அடையாளத்தைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். அறிந்தவரிடம் கேட்கப் போனால், இலையும் பூவும் காயும் சேர்ந்த கிளையாகக் கொண்டுபோங்கள். யாராவது எதையாவது தின்றுவிட்டால், உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். தின்ற செடியின் கிளையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கிளை பத்துப் பேருடைய வாய்ச்சொல்லைவிட மருத்துவருக்கு உதவும்.

அம்மாயிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. கையில் கொடுத்தால் தடவியும் முகர்ந்தும் பெயர் சொல்கிறார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் செடிகளை அழுத்தி உலர்த்தி, அவர் சொல்லும் பெயரை ஒரு பக்கமும் தாவரவியற் பெயரை மறுபக்கமும் எழுதி வருகிறேன். இதுவரை 43 தாள்கள் சேர்ந்துள்ளன. அவற்றில் ஆறு செடிகளுக்குத் தாவரவியற் பெயர் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த இடங்களை வெற்றாகவே விட்டிருக்கிறேன். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருக்கிறார். அடுத்த விடுமுறையில் ஆளுக்கு ஐந்து செடிகளை அவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். நம் தாவரவியல் துறையின் அலமாரியில் அவற்றுக்கு இடம் உண்டு.